சொந்தக் குதிரையும் பள்ளிக் குதிரையும்



இங்கிலாந்து நாட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுள்ள சிறுவர் சிறுமியரிடையே நெடுநாளாக நடந்துவரும் ஒரு வாதத்தை இன்று உங்கள் முன் எடுத்துவைக்க விரும்புகிறேன். வாரத்திற்கு ஒருநாள் குதிரையேற்றப் பள்ளிக்குச் சென்று, கட்டணம் கொடுத்து, அரைமணியோ ஒரு மணியோ ஏறிப் பழகுகிறவர்கள் ஒரு கட்சி. பெற்றோர் வாங்கித் தந்த குதிரையை வீட்டுக்கு அருகிலுள்ள புல்வெளியில் வைத்துக்கொண்டு, நினைத்தபோது ஏறிச் செல்கிறவர்கள் மற்றொரு கட்சி. முதற்கட்சியாருள் பெரும்பாலோர், "எனக்கென்று ஒரு குதிரை எப்போது வரும்?" என்ற ஏக்கத்தோடு உறங்கி எழுகிறவர்கள். இரண்டாம் கட்சியாருள் சிலர், மழையிலும் சேற்றிலும் லாயத்தைக் கூட்டிக்கொண்டே, "பள்ளிக்குப் போய்வந்த காலமே கவலையற்ற காலம்" என்று சொல்லிக்கொள்கிறவர்கள். எது நல்லது, சொந்தமாக வைத்திருப்பதா, பாடம் கேட்பதா என்பதே வாதம்.

தமிழ்நாட்டு மாணவருக்கு இந்த வாதம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்களுள் குதிரை வாங்கப்போகிறவர் மிக அரியர் என்பது உண்மையே. ஆனால் மிதிவண்டி வாங்குவோர், வீணை வாங்குவோர், நாய்க்குட்டி வாங்குவோர், புத்தகம் வாங்குவோர் உங்களிடையே நிரம்ப உண்டு. புத்தகம் வாங்குவோர் எல்லாரும் அதனைப் படிப்போர் அல்லர் என்பது, மாணவர் வீட்டு அலமாரிகளைப் பார்த்திருக்கிற எந்த ஆசிரியருக்கும் தெரிந்த செய்தி. படியாத புத்தகத்தால் எவருக்கும் தீங்கில்லை. ஓட்டாத மிதிவண்டி துருப்பிடிக்கும், அவ்வளவே. குதிரையை மூலையில் சாத்தி வைக்க முடியாது. அதனால்தான் உடைமைக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளி குதிரையிடத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

உடைமைக் கட்சியின் வாதத்தை முதலில் கேட்போம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாரம் ஒரு மணி நேரம் என்றால் ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் ஐம்பத்திரண்டு மணி நேரந்தான். அந்த அளவு நேரத்தில் வயலின் கற்றுக்கொள்ள முடியுமா? சொந்தக் குதிரை இருந்தால் நாள்தோறும் பழகலாம். மேலும், பள்ளிக் குதிரை பலரைச் சுமந்து அலுத்துப்போன குதிரை. இன்று ஒருவர் இடப்பக்கம் இழுப்பார். நாளை மற்றொருவர் வலப்பக்கம் சாய்வார். யார் காலால் தட்டினாலும் அசையாத ஒரு மரத்த தன்மை அதற்கு வந்துவிடுகிறது. தன் குதிரையோ தன் குரலை அறியும். காலடி ஓசை கேட்டே தலையை உயர்த்திப் பார்க்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய இன்பம் எது?

இனிப் பள்ளிக் கட்சி. பள்ளியில் இந்த வாரம் கிடைக்கும் குதிரை அடுத்த வாரம் கிடைப்பதில்லை. ஒன்று சோம்பேறி, ஒன்று காகிதம் பறந்தால் மிரளும், ஒன்று கடிவாளத்தைப் பற்களுக்கிடையில் கவ்விக்கொண்டு தன் விருப்பப்படி போகும். பத்துக் குதிரைகளில் ஏறியவன், பத்திலும் மாறாமல் இருக்க வேண்டியது தன் இருக்கையும் தன் கையும் என்பதைக் கண்டுகொள்கிறான். ஒரே குதிரையில் ஏறியவன் அந்த ஒரு குதிரையின் வழக்கங்களை மட்டுமே கற்கிறான்.

இங்கே குதிரையின் கல்விமுறையைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ஆசிரியத் தொழிலில் இருந்தவனாதலின் இதனை விட்டுச்செல்ல எனக்கு மனமில்லை. கடிவாள வாரை இழுத்தால் குதிரை நிற்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் குதிரைக்குப் பாடம் கற்பிப்பது இழுப்பு அன்று. இழுப்பைத் தளர்த்தும் நொடியே. அழுத்தம் வருகிறது, குதிரை நிற்கிறது, அந்தக் கணமே அழுத்தம் நீங்குகிறது. "நின்றால் இந்தத் தொல்லை நீங்கும்" என்று அது அறிந்துகொள்கிறது. நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருப்பவனிடம் அது என்ன கற்கும்? நின்றாலும் பயனில்லை என்று கற்கும். சில மாதங்களில் அதன் வாய் மரத்துப்போகும். அப்போது அவன் இன்னும் வலுவாக இழுப்பான். கூர்மையான கடிவாளம் வாங்குவான். "என் குதிரை முரட்டுக் குதிரை" என்று நண்பரிடம் சொல்லுவான். தன் கை செய்யும் பிழையைக் குதிரைமேல் இருப்பவன் காண இயலாது. பயிற்சிக் களத்தின் நடுவில் நின்று பார்க்கும் ஆசிரியரே காண்பார். ஆதலால் ஆசிரியரின்றி நாள்தோறும் ஏறுகிறவன் தன் பிழையையே நாள்தோறும் பயில்கிறான். அதைத் தன் குதிரைக்கும் பயிற்றுகிறான். ஐம்பத்திரண்டு மணி நேரம் குறைவுதான். முந்நூறு மணி நேரம் பிழையைப் பழகுவது அதனினும் குறைவான பயனைத் தரும்.

ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் ஒரு குதிரையேற்றப் பள்ளி நானூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. ஸ்பெயின் நாட்டுக் குதிரை வழியில் தோன்றிய இனத்தைக் கொண்டு நடைபெறுவதால் அதற்கு ஸ்பானியக் குதிரைப்பள்ளி என்று பெயர். அங்குள்ள லிப்பிட்சானர் குதிரைகள் பிறக்கும்போது கருநிறமாக இருந்து, வயது ஏற ஏற வெண்ணிறம் அடைபவை. உலகத்தின் தலைசிறந்த குதிரையேற்ற வீரருள் சிலர் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் நாள்தோறும் ஏறும் குதிரைகள் அவர்களுக்குச் சொந்தமானவை அல்ல, அந்நாட்டு அரசுடைமை. புதிதாகச் சேரும் மாணாக்கருக்கு முதலில் அங்கவடியும் இல்லை, கடிவாள வாரும் இல்லை. ஆசிரியர் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்டுவார்; மாணாக்கர் இருக்கையைப் பழக வேண்டும். அவரைச் சுமப்பது அனுபவம் முதிர்ந்த கிழக் குதிரை. பல்லாண்டு கழித்துத் தேர்ச்சி பெற்ற பின்னரே பயிற்சியற்ற இளங்குதிரை ஒன்று அவர் பொறுப்பில் விடப்படும். முதிய குதிரை இளைய மனிதருக்குக் கற்பிக்கிறது. முதிர்ந்த மனிதர் இளைய குதிரைக்குக் கற்பிக்கிறார். முழு வீரராக ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகின்றன. நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாக இருந்த அப்பள்ளியில் 2008ஆம் ஆண்டு முதல் பெண்களும் சேர்க்கப்படுகிறார்கள். ஒன்றும் அறியாத பிள்ளைக்கு ஒன்றும் அறியாத இளங்குதிரையை வாங்கிக் கொடுத்து, "இரண்டும் சேர்ந்து வளரட்டும்" என்று சொல்லும் பெற்றோர் வியன்னாவின் இந்த ஒழுங்கைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியானால் எந்தக் குதிரையில் ஏற்றினாலும் ஏறுவதே தேர்ச்சி, பழக்கம் என்பது தேவையில்லை என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ஒலிம்பிக் விளையாட்டுகளில் 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் தொடங்கிய ஐம்போட்டி என்று ஒன்றுண்டு. வாட்போர், நீச்சல், துப்பாக்கிச் சுடுதல், ஓட்டம், குதிரையேற்றம் ஆகிய ஐந்தையும் ஒருவரே செய்ய வேண்டும். அதில் நெடுங்காலம் இருந்த விதி என்னவென்றால், வீரர் எந்தக் குதிரையில் ஏறுவது என்பது குலுக்கலில் முடிவாகும். அறிமுகமில்லாத அக்குதிரையோடு பழக இருபது நிமிடம் தரப்படும். பிறகு தடைகளைத் தாண்ட வேண்டும். 2021ஆம் ஆண்டில் நடைபெற்ற டோக்கியோ போட்டியில், முன்னணியில் நின்ற ஒரு வீராங்கனைக்கு வாய்த்த குதிரை தாண்ட மறுத்துவிட்டது. அவர் கண்ணீர் விட்டார், சவுக்கால் அடித்தார், அவருடைய பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தினார் என்பதற்காகப் போட்டியினின்றும் விலக்கப்பட்டார். உலகெங்கும் எழுந்த கண்டனத்தை அடுத்து, 2024ஆம் ஆண்டு பாரிஸ் போட்டியோடு அந்த ஐம்போட்டியிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டது. இருபது நிமிடப் பழக்கம் போதாது என்று அந்தக் குதிரை உலகத்துக்குச் சொல்லிற்று. இது உடைமைக் கட்சிக்கு வலிமை தரும் சான்றுதான்.

இதுவரை இரு கட்சியாரும் தத்தம் பயனையே பேசினர். இந்த வழக்கில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நான்கு கால்.

ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு குதிரையின் ஒருநாளைப் பாருங்கள். அதற்கு எட்டு முதல் பத்துக் கிலோ உலர்ந்த புல் வேண்டும். இருபத்தைந்து லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும், வெயிற்காலத்தில் அதனினும் மிகுதி. கொட்டிலில் அது இடும் லத்தி மட்டும் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அவ்வளவு பெரிய உடலில் இரைப்பை மிகச் சிறியது. மாட்டைப் போல ஒரேயடியாகத் தின்றுவிட்டுப் படுத்து அசைபோட அதற்கு வகையில்லை. கொஞ்சங் கொஞ்சமாக நாளில் பதினைந்து மணி நேரத்துக்கும் மேலாக மேய்வதே அதன் இயற்கை. ஆதலால் காலையில் ஒரு கூடை, மாலையில் ஒரு கூடை என்று கொட்டிவிட்டுப் போக முடியாது. ஒவ்வாததைத் தின்றுவிட்டால் வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. வயிற்றுச் சூலை வந்து சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். நல்ல உணவே கேடாவதும் உண்டு. வசந்த காலத்துச் செழும்புல்லை அளவின்றித் தின்ற மட்டக்குதிரைக்குக் குளம்பினுள் அழற்சி உண்டாகி, நிற்கவும் முடியாமல் நோவெடுக்கும். குளம்பு நம் நகத்தைப் போல வளர்வது. ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிப்பவர் வந்து சீவித் திருத்த வேண்டும். பல்லைப் பார்க்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும். கூட்டமாக வாழும் பிராணியாதலால் தனியே விட்டால் ஏங்கும். ஒரு துணை வேண்டும். டிசம்பர் மாதத்தில் லண்டன் நகரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். பள்ளி விட்டு வரும் பிள்ளை விளக்கோடுதான் லாயத்துக்குப் போக வேண்டும். ஏறுவதற்கு வெளிச்சமில்லாத அந்த நாளிலும் வேலை அப்படியே இருக்கும்.

"காசுக்கு ஒரு குதிரையும் வேண்டும், காற்றைப் போலப் பறக்கவும் வேண்டும்" என்று நம் ஊரில் கேலி செய்வார்கள். குதிரையின் விலை பெரிய செலவு அன்று என்பதே அனுபவசாலிகளின் கருத்து. விலை ஒருமுறை கொடுப்பது. மற்றவை குதிரை உள்ளவரை கொடுப்பவை. வாங்கும்போதும் கண் வேண்டும். கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கராகிய செனபோன், ஏறும் முறையைச் சொல்வதற்கு முன்பே வாங்கும்போது ஏமாறாமல் இருக்கும் முறையைச் சொல்லுகிறார். கழுத்தழகையும் பிடரி மயிரையும் பார்த்து மயங்காமல், முதலில் குளம்பைப் பார்க்கச் சொல்லுகிறார். அந்த அறிவுரைக்கு இன்றும் வயதாகவில்லை.

வளர்க்கத் தெரியாமல் வாங்கியதன் விளைவுக்கு வேற்று நாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. குதிரை வாங்கப் பாண்டியன் பொன்னோடு அனுப்பிய வாதவூரரின் கதையை நீங்கள் அறிவீர்கள். பாண்டிய நாட்டுக் குதிரை வாணிகம் கதை மட்டும் அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஓர்முசு, ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து காயல் துறைக்குக் கப்பல்களில் குதிரைகள் வந்திறங்கியதை எழுதியிருக்கிறார். மன்னன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் அவர் சொல்லுகிறார். காரணம், இங்கிருந்தவர்களுக்குக் குதிரையைப் பேணத் தெரியாது; வெந்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாகக் கொடுத்தார்கள்; லாடம் அடித்து மருத்துவம் பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை. அத்தகையோரை வணிகர்கள் உடன் அழைத்து வருவதில்லை. தாமாக வர விரும்பியவரையும் தடுத்தார்கள். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு விற்பனை குறையுமல்லவா? பயணிகளின் எண்களில் மிகை இருக்கலாம். வெப்பமும் ஒரு காரணமாகலாம். எனினும் குதிரையை விற்றவர்கள் அறிவை விற்கவில்லை என்ற செய்தி நெஞ்சை உறுத்துகிறது. பொன் நம் நாட்டிலிருந்து போயிற்று, குதிரையும் போயிற்று.

மீண்டும் இங்கிலாந்துக்கு வருவோம். அங்குள்ள பிள்ளைகள் வாதத்தில் அடிக்கடி மறந்துவிடும் ஒன்று வயது. குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டு வாழ்வது. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குப் பத்து வயதுக் குதிரையை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டாவது வயதில் அவள் கல்லூரிக்கு வேறூர் போவாள். குதிரைக்கு அப்போது பதினாறு. இன்னும் பத்தாண்டோ அதற்கு மேலோ அதற்கு வாழ்வு இருக்கிறது. மட்டக்குதிரையானால் அதற்கு முன்பே சிக்கல் வந்துவிடும். நான்கு அங்குலத்தை ஒரு கை என்று கொண்டு குதிரையின் உயரத்தைத் தோள்மேட்டு அளவில் கணக்கிடுவது ஆங்கிலேயர் வழக்கம். பதினான்கு கை இரண்டு அங்குலத்துக்கு மேற்படாதது மட்டக்குதிரை. ஏறுபவள் வளர்கிறாள், குதிரை வளர்வதில்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் அவளுடைய கால்கள் அதன் வயிற்றுக்குக் கீழே தொங்கும். பிறகு விற்க வேண்டும். யாருக்கு? அவர்கள் எப்படி வைத்துக்கொள்வார்கள்? ஒரு குதிரை கைமாறிக் கைமாறி, நல்லவரிடமும் அறியாதவரிடமும் பட்ட பாட்டையே கதையாக்கி அன்னா சூவல் என்ற அம்மையார் 1877ஆம் ஆண்டில் 'பிளாக் பியூட்டி' என்னும் நூலை வெளியிட்டார். குதிரைகளை வேலைக்கு வைத்திருந்தோருக்கென அவர் எழுதியது பின்னர்ச் சிறுவர் நூலாகவே நிலைபெற்றுவிட்டது. குதிரை வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் அதனை ஒருமுறை படிக்கலாம். வாங்கித் தரும் தந்தையரும் படிக்கலாம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழங்கும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பதினாறு வயதுக்கு உட்பட்டவருக்கு எந்த விலங்கையும் விற்கக் கூடாது. பிள்ளை வைத்திருக்கும் விலங்குக்குச் சட்டத்தின் முன் பொறுப்பாளி பிள்ளையை வளர்க்கும் பெரியவரே. "என் குதிரை" என்று சிறுமி சொல்லலாம்; பட்டினி கிடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தந்தையார்.

இவ்வளவும் சொன்னதால் பாடம் கேட்பதே போதும் என்று நான் தீர்ப்பளித்ததாகக் கொள்ள வேண்டா. சேணம் பூட்டி நிற்கும் குதிரையில் ஏறி, அரைமணி கழித்து இறங்கி, வாரை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகும் பிள்ளை குதிரையில் பாதியைத்தான் கண்டவள். அது நொண்டுவதையும், தீனி ஒதுக்குவதையும், மழை நாளில் சேற்றில் நிற்பதையும் அவள் அறியாள். நோய் வருமுன் அதன் முகம் மாறுவதை நாள்தோறும் பார்ப்பவரே அறிவர். இந்த அறிவை உடைமை தருகிறது. ஆனால் உடைமை ஒன்றே தருகிறது என்பதற்கில்லை.

அங்குள்ள குதிரையேற்றப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் விடுமுறை நாள்களில் காலையிலேயே வந்துவிடுகிறார்கள். லாயம் கூட்டுகிறார்கள், நீர் சுமக்கிறார்கள், குதிரையைத் தேய்த்துத் துப்புரவு செய்கிறார்கள். 1929ஆம் ஆண்டில் பிரிட்டனில் தோன்றிய மட்டக்குதிரைச் சங்கம் நடத்தும் தேர்வுகளில் ஏறும் திறமையோடு பேணும் திறமையும் சேர்த்தே சோதிக்கப்படுகிறது. சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளும் பயிற்சிப் பள்ளிகளின் வழியாக அதில் சேரலாம். நம் நாட்டிலும் தேசிய மாணவர் படையில் குதிரைப் பிரிவு ஒன்று உண்டு. கால்நடை மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றைச் சார்ந்து அது இயங்குகிறது. அதில் சேரும் மாணவர் ஒரு குதிரைக்கும் உரிமையாளர் ஆகாமலே ஏறவும் பேணவும் கற்கிறார். உங்களுள் ஆர்வமுள்ளோர் விசாரித்துப் பார்க்கலாம்.

இன்னொரு வழியும் ஆங்கில நாட்டுப்புறத்தில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுவே. வளர்ந்துவிட்ட பிள்ளையின் மட்டக்குதிரையை விற்காமல், அண்டைக் குடும்பத்துச் சிறு பிள்ளைக்குக் கடனாகக் கொடுக்கிறார்கள். உடைமை பழைய வீட்டாருடையது. தீனிச் செலவும் வேலையும் புதிய வீட்டாருடையவை. என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்று எழுதியும் கொள்கிறார்கள். அந்தப் பிள்ளையும் வளர்ந்தால் அடுத்த வீட்டுக்கு. இப்படி ஒரே மட்டக்குதிரை மூன்று நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்றம் கற்பித்துவிடும். இருபது வயதைக் கடந்து முகமெல்லாம் நரைத்த பின்னும், ஆறு வயதுக் குழந்தையைச் சுமந்துகொண்டு மெல்ல நடக்கும். குழந்தை ஒரு பக்கம் சாய்ந்தால் தானே நின்று காத்திருக்கும்.